முந்திரி போடாத அல்வாவும் தமிழில் எழுதிய அட்டையும்: பாளையங்கோட்டையில் ஒரு பலகாரக் கடை

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது இந்தப் பலகாரக் கடை. முன்னால் இரண்டு கண்ணாடிப் பெட்டி, தராசு, கல்லா. பின்னால் அடுப்படி. அல்வா, மைசூர்பாகு, முந்திரிக்கொத்து, காராசேவு, தேன்குழல், மிக்சர் என்று நெல்லையில் எந்தக் கடையிலும் இருப்பதுதான் இங்கேயும் இருக்கிறது. மற்ற கடைகளில் இல்லாதது, ஒவ்வொரு தட்டின் முன்னாலும் செருகி வைத்திருக்கும் அட்டை. விலை எழுதிய அதே பெரிய எழுத்தில், தமிழில், அந்தப் பலகாரத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

என் மகளுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது. அதனால் இதில் ருசியைப் பற்றிக் கொஞ்சமும் அந்த அட்டைகளைப் பற்றி நிறையவும் இருக்கும்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன், கடைக்கார அண்ணாச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேரைப் பாத்துட்டு, இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு கேக்காமலே வாங்கிட்டுப் போயிருவாங்க தம்பி. பிள்ளைக்கு இன்னது ஆகாதுன்னு வாயைத் திறந்து சொல்லி வாங்கட்டும். அதான் நல்லது" என்றார். அவர் சொல்வது நியாயம். மார்க்கெட் பக்கம் வருகிறவர்களுக்கு அட்டையே அடையாளம்.

ஒவ்வாமை என்றால் வயிறு உப்புவது, கொஞ்சம் அரிப்பது என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஆச்சியே "கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பழக்குங்க, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் மக்ரூன் கொண்டுவந்த அன்றைக்குத்தான் ஆச்சிக்குப் புரிந்தது. மக்ரூன் பார்க்கச் சீனி நுரை மாதிரி வெள்ளையாக இருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் போக மீதி முழுக்க முந்திரிப் பருப்புத் தூள். பிள்ளை ஒன்றை வாயில் போட்டாள். உதடு தடித்தது, கழுத்தில் தடிப்பு தடிப்பாகக் கிளம்பியது, அப்புறம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இறக்கினார்கள். உடம்பு அந்தப் பருப்பில் இருக்கும் புரதத்தை எதிரியாக நினைத்துப் போராடுவதுதான் இது. ஒரு துணுக்கே போதும், அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. வீட்டில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். அதெல்லாம் டாக்டர் கண்ணெதிரே நடக்க வேண்டிய காரியம்.

நான் ஒரு அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புத்தகம் இவற்றோடு பலகாரக் கடைகளுக்கு லேபிளும் அடிக்கிறோம். அதனால் லேபிளை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கிறவன் நான். லேபிள் அடிக்க வருகிற முதலாளிகள் அநேகமாக ஒரே மாதிரிதான் பேசுவார்கள். கடைப் பெயர் பெரிதாக இருக்க வேண்டும், சாமி படம் வேண்டும், போன் நம்பர் பளிச்சென்று தெரிய வேண்டும். சேர்மானத்துக்கு வரும்போது "அதை ஓரத்துல பொடி எழுத்துல போட்டுருங்க" என்பார்கள். நாலு பாயிண்டில் போட்டால் எழுத்து ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அதையும் மெரூன் கலர் கவரில் கறுப்பு மையில் அடித்தால் எனக்கே கண்ணாடி போட்டாலும் தெரியாது. இதற்கு மேல், கவரை ஒட்டும் மடிப்பு சரியாக அந்த வரியின் மேல் வந்து விழும். இப்படிப்பட்ட பாக்கெட்டுகளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படிப்பது என் வீட்டில் தினசரி வேலை.

இந்தக் கடை ஸ்டிக்கரை நாங்கள் அடிப்பதில்லை. கடையிலேயே ஒரு சின்ன பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காராசேவு பாக்கெட்டின் ஸ்டிக்கரை அப்படியே தருகிறேன்:

"காராசேவு, 200 கிராம். சேர்ந்தவை: கடலை மாவு, சூரியகாந்தி எண்ணெய் (ரீஃபைண்டு), அரிசி மாவு, மிளகாய் வற்றல், பூண்டு, உப்பு, மிளகு, பெருங்காயம். இதில் உள்ளது: கோதுமை (பெருங்காயத்தில்). நிலக்கடலை பொரிக்கும் அதே சட்டியில் செய்தது. நிலக்கடலை, முந்திரி ஆகாதவர்கள் வாங்க வேண்டாம்."

கடைசி வரியைப் பாருங்கள். தான் விற்கிற சரக்கை இன்னார் வாங்க வேண்டாம் என்று ஒரு வியாபாரி தானே எழுதி ஒட்டியிருக்கிறார். என் மகளால் அந்தக் காராசேவைச் சாப்பிட முடியாது. ஆனாலும் இந்த ஊரில் நான் பார்த்த ஸ்டிக்கர்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பெருங்காயத்தைப் பற்றிய அடைப்புக்குறியையும் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கிற கட்டிப் பெருங்காயமும் தூளும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மாவும் சேர்த்துத்தான் செய்கிறார்கள், பலவற்றில் அது கோதுமை மாவு. கோதுமை அறவே ஆகாதவர்கள் ரசத்திலும் காராசேவிலும் அது ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்க்க மாட்டார்கள். இதைக் கவனித்து எழுதியவர் அண்ணாச்சியின் மருமகள். பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் எழுதினாராம். அட்டை, ஸ்டிக்கர் எல்லாம் அவர் பொறுப்பு. "நாங்க என்ன போடுதோம்னு எங்களுக்குத் தெரியும்லா அண்ணே. தெரிஞ்சதை எழுதி வைக்கதுல என்ன செலவு?" என்று கேட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால்தான் இந்தக் கடை எவ்வளவு தூரம் கூடுதலாக வந்திருக்கிறது என்பது தெரியும். நம் நாட்டில் உணவு லேபிளுக்கான விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது அது. லேபிளுக்கென்று தனியாக 2020-இல் ஒழுங்குமுறைகள் வந்தன. அதன்படி பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வாமை தருகிற எட்டு வகை இருந்தால் 'இதில் உள்ளது' என்று தனியாக அறிவிக்க வேண்டும். குளூட்டன் என்கிற புரதம் உள்ள தானியங்கள் (கோதுமை, பார்லி, ஓட்ஸ் இதில் வரும்), இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி பாதாம் போன்ற பருப்புகளும், சோயா, அப்புறம் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட்டு (கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம்). இவைதான் அந்த எட்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டைகளும் இருக்கின்றன, அவை எல்லாம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வருகிற ஓட்டைகள்.

முதலாவது மொழி. லேபிளில் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. வேறு மொழியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை. கட்டாயமும் இல்லை. மானூரில் செய்து மானூரிலேயே விற்கிற முறுக்குப் பாக்கெட்டிலும் தமிழில் ஒரு வரி இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எங்கள் ஆச்சி தமிழ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பாள். பேத்திக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்க மட்டும் நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கடையின் ஸ்டிக்கரில் மேலே தமிழ், கீழே ஆங்கிலம், இரண்டும் ஒரே அளவில் இருக்கிறது. ஆச்சி இப்போது தானே போய், தானே படித்து, தானே வாங்கி வருகிறாள்.

இரண்டாவது, 'இருக்கலாம்' என்கிற வார்த்தை. அதே சட்டியில், அதே மேஜையில் வேறு பலகாரம் செய்யும்போது துகள் ஒட்டிக்கொண்டு வரும் இல்லையா, அதற்காக 'நிலக்கடலை இருக்கலாம்' என்று எழுதுவார்கள். நம் விதியில் அப்படி எழுதலாம் என்றுதான் இருக்கிறது. ஆகவே பாக்கெட்டில் அந்த வரி இல்லை என்பதால் துகள் இல்லை என்று அர்த்தம் இல்லை. எழுதாமல் விட்டிருக்கலாம். நம்மூரில் பலகாரம் செய்கிற முறையை நினைத்துப் பாருங்கள். ஒரே வாணலி, ஒரே சாரணிக் கரண்டி. மிக்சருக்குக் கடலை பொரித்த எண்ணெயில்தான் அடுத்து ஓமப்பொடி இறங்கும். ஓமப்பொடியின் சேர்மானத்தில் நிலக்கடலை இருக்காது, எண்ணெயில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் கடையின் அடுப்படி வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. காலையில் புது எண்ணெய் ஊற்றியதும் முதலில் தேன்குழல் பிழிகிறார்கள். அது ஆறியதும் பாக்கெட் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதற்கு அப்புறம்தான் கடலை மூட்டை அடுப்படிக்குள் வரும். காராசேவு, ஓமப்பொடி, மிக்சர் எல்லாம் மத்தியானத்துக்கு மேல். அல்வா வேலை எதிர்ப்பக்க அறையில் தனி உருளியில் நடக்கிறது. மைசூர்பாகுக்குத் தனித் தட்டு. ஒருநாள் நான் பின்னால் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டதும் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான். தேன்குழல் பாக்கெட்டில் 'கடலை பொரிக்கும் முன் செய்து ஒட்டியது' என்று எழுதியிருப்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

மூன்றாவது எண்ணெய். நிலக்கடலை ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு மட்டும் ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து விலக்கு உண்டு. சேர்மான வரிசையில் கடலெண்ணெய் என்று பெயர் வரும், 'இதில் உள்ளது' வரியில் வராது. ரீஃபைண்டு எண்ணெயில் புரதம் அநேகமாகப் போய்விடும் என்பதால் அது பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் புரதம் தங்கும். இப்போது நம் பக்கம் மரச்செக்குக் கடலெண்ணெயில் செய்தது என்று பெருமையாக எழுதி விற்கிறார்கள். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், குறை சொல்லவில்லை. என் மகளுக்கு அது விஷம். இந்தக் கடையில் மிக்சர் மட்டும் செக்குக் கடலெண்ணெயில் செய்கிறார்கள். அந்த அட்டையில் 'செக்குக் கடலெண்ணெய், நிலக்கடலை ஆகாதவர்களுக்கு ஆகாது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

நான்காவது சின்ன பாக்கெட். மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் போட வேண்டியதில்லை. அந்த விவரம் மொத்தமாக அடைத்து வரும் பெரிய பாக்கெட்டிலோ ஜாடியிலோ இருந்தால் போதும். பெட்டிக்கடையில் ஜாடியிலிருந்து ஒன்றிரண்டாக எடுத்துக் கொடுக்கிற மிட்டாய், பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளுக்குக் கொடுக்கிற சாக்லேட் எல்லாம் இதில் அடங்கிவிடும். பிள்ளை கைக்கு வருகிற உறையில் ஒன்றும் இருக்காது, ஜாடி கடையிலேயே இருக்கும். அதனால் மகளுக்குப் பிறந்தநாள் மிட்டாயை வாங்கி, நன்றி சொல்லி, தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். இங்கே எள்ளுருண்டையைச் சின்னக் கவரில் போட்டாலும் ஸ்டிக்கரை மடித்து இரண்டு பக்கமும் ஒட்டித் தருகிறார்கள்.

தட்டில் வைத்து நிறுத்து விற்கும் இனிப்புக்கு, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்ற தேதியைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கினார்கள். நல்ல விதி, நெல்லை டவுனிலும் ஜங்ஷனிலும் பல கடைகளில் இப்போது பார்க்கலாம். அந்த அட்டையிலேயே முந்திரி, பால், கோதுமை என்று இன்னும் மூன்று வார்த்தை எழுத இடம் இருக்கிறது. மருமகள் செய்ததெல்லாம் அந்த இடத்தைப் பயன்படுத்தியதுதான்.

இங்கிலாந்தில் நடாஷா எட்னன்-லபெரூஸ் என்று 15 வயதுப் பெண். 2016-இல் விமான நிலையத்தில் ஒரு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டாள். மாவில் எள் கலந்திருந்தது, உறையில் எழுதவில்லை. அவளுக்கு எள் ஆகாது. இறந்துபோனாள். பெற்றோர் விடாமல் போராடி, கடையிலேயே செய்து கடையிலேயே உறை போட்டு விற்கிற உணவிலும் முழுச் சேர்மானமும், ஒவ்வாதவற்றைத் தனியாக எடுத்துக்காட்டியும் எழுத வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அதை அவள் பெயரால்தான் இன்று அழைக்கிறார்கள். அந்த அப்பா அம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

எள்ளை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் எட்டு வகைப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் 14 இருக்கிறது, எள்ளும் கடுகும் அதில் உண்டு. எங்கள் அச்சகத்துக்கு வெளிநாட்டுக்கு இட்லிப் பொடி அனுப்புகிற ஒருவர் வருவார். அங்கே போகிற கவரில் 'இதில் உள்ளது: எள்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்வார். அதே பொடி, அதே உரலில் இடித்தது, உள்ளூர்க் கவரில் அந்த வரி இருக்காது. சேர்மான வரிசையில் மிளகாய்க்கும் உப்புக்கும் நடுவில் எள் எங்கேயோ இருக்கும். நல்லெண்ணெய் இல்லாமல் இட்லி இறங்காத ஊர் இது. எள்ளுருண்டை, முந்திரிக்கொத்து, சீடை, தட்டை, பொடி என்று எள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இங்கே அல்லவா அந்த வரி முதலில் வந்திருக்க வேண்டும்?

இந்தக் கடையிடம் எனக்குள்ள பெரிய குறையும் இதுதான். அட்டையில் சேர்மானத்தில் எள் எழுதியிருக்கிறார்கள். 'ஆகாதவர்கள் வாங்க வேண்டாம்' வரியில் எள் கிடையாது. அரசாங்கப் பட்டியலைப் பார்த்து எழுதியதால் வந்த விடுதல். மருமகளிடம் சொன்னேன். "பட்டியல்ல இல்லைன்னு விட்டுட்டேன் அண்ணே, அடுத்த ரோல்ல சேத்துருதேன்" என்றார். சேர்ப்பார் என்று நம்புகிறேன். அதுவரை எள் ஆகாதவர்கள் கீழ் வரியை மட்டும் பார்க்காமல் முழுசாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு குறை சாயங்காலக் கூட்டம். ஆறு மணிக்கு மேல் வேலை பார்க்கிற பையன் மிக்சர் அள்ளின கரண்டியாலேயே தேன்குழல் தட்டிலும் அள்ளுகிறான். பையனைத் திட்டிப் பயனில்லை, கூட்டம் அப்படி. அந்த நேரத்தில் அட்டையில் எழுதியிருப்பது எல்லாம் வீணாகிவிடுகிறது என்பதுதான் என் கவலை. அண்ணாச்சியிடம் சொன்னதும் கடலை உள்ள தட்டுகளை எல்லாம் வலது பெட்டிக்கு மாற்றி அவற்றுக்கு மட்டும் சிவப்புப் பிடி போட்ட கரண்டி வைத்துவிட்டார். முன்னைக்கு நல்ல மாற்றம். என்றாலும் நான் நிறுத்து வாங்குவதில்லை, ஒட்டின பாக்கெட்தான். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஸ்டிக்கரில் எண்ணெய் ஊறினால் எழுத்து மங்குகிறது, அதையும் கவனிக்க வேண்டும்.

பலகாரத்துக்கு வருகிறேன். முந்திரி போடாத அல்வா இங்கே தனித் தட்டில் கிடைக்கும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு அரைத்துப் பாலெடுத்து, புளிக்க வைத்துத் தெளிந்த தண்ணீரை இறுத்து, சீனியும் நெய்யும் விட்டுக் கிண்டுகிற அதே நெல்லை அல்வா. அட்டையில் 'கோதுமை, பால் (நெய்)' என்று இரண்டும் எழுதியிருக்கிறது. டவுனில் பெயர் போன அல்வாவோடு ஒப்பிட்டால் நெய் கொஞ்சம் குறைச்சல், நிறம் கொஞ்சம் வெளிறல். ஆனால் சூட்டோடு இலைத் துண்டில் வைத்துக் கொடுக்கும்போது விரலில் ஒட்டாமல் வழுக்கி இறங்குகிறது. முந்திரி இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை. நெல்லையில் பிறந்த பிள்ளை நெல்லை அல்வாவை முதல்முதலாகத் தின்றது இந்தக் கடை வாசலில்தான். நெய் வழிய வழிய விரலைச் சப்பிக்கொண்டு, "அப்பா, இது நெசமாவே எனக்கு ஆகுமா?" என்று இரண்டாவது வாய்க்கு முன்னால் திரும்பவும் கேட்டாள்.

முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்துப் பொடித்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, தேங்காய், எள், மேலே அரிசி மாவு. அரிசி மாவோடு மைதாவும் சேர்ப்பதை அட்டையில் எழுதியிருக்கிறார்கள். காலையில் தேன்குழலுக்கு அடுத்து அதே புது எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள், அதனால் மகள் சாப்பிடலாம். இங்கே எல்லாவற்றிலும் ருசியானது இதுதான் என்பேன், ஏலம் நன்றாகத் தெரியும். தேன்குழலில் உப்பு சற்றுக் கம்மி. மைசூர்பாகு சுமார். மிக்சர் எப்படி என்று எனக்குத் தெரியாது, வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. விலை டவுன் பெரிய கடைகளைவிட ஒரு பிடி கூடுதல். புது எண்ணெயும் தனிச் சட்டியும் சும்மா வராது என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

ஹோட்டல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆணையத்திடம் மத்திய உரிமம் பெற்ற, அல்லது பத்தும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியும் ஒவ்வாமை விவரமும் காட்ட வேண்டும் என்பது விதி. நம்மூரில் ஒற்றைக் கடையாக நடக்கிற மெஸ், டிபன் சென்டர், பரோட்டாக் கடை எதற்கும் அது பொருந்தாது. நாம்தான் கேட்க வேண்டும். ஒரு ஹோட்டலில் வெள்ளைச் சட்னியில் நிலக்கடலை உண்டா என்று கேட்டேன். பரிமாறுகிறவர் கிடையாது என்றார். விடாமல் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டபோது "கெட்டியா வரக் கொஞ்சம் போடுவோம் சார்" என்றார். அதனால் எப்போதும் சமைக்கிறவரிடம் கேளுங்கள். 'நட்ஸ் இருக்கா' என்று கேட்காதீர்கள், பாதாம் பிஸ்தாவை நினைத்துக்கொண்டு இல்லை என்பார்கள். சட்னியில் நிலக்கடலை அரைத்தீர்களா, குருமாவில் முந்திரி அரைத்தீர்களா, சால்னாவில் என்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பாக்கெட்டில் எழுதியதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று கண்டால் கவரைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். அதில் 14 இலக்க உரிம எண் இருக்கும். ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் கொடுக்கலாம், போட்டோவும் சேர்க்கலாம். பச்சைப் புள்ளியைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அது சைவம் என்பதற்கு அடையாளம். கடலையும் முந்திரியும் பாலும் கோதுமையும் சைவம்தான்.

இந்தக் கடைக்குப் போவதாக இருந்தால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். தேன்குழல், முந்திரிக்கொத்து ஒட்டின பாக்கெட்டாகக் கிடைக்கும், மருமகளும் கடையில் இருப்பார். முந்திரி போடாத அல்வா மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிறைய வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். யாருக்கு, என்ன ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள்.